நித்தியம் என்னும் ஒரு சொல்

ஒரு சொல்லுக்குப் பொருள் உரைத்தமைக்காக ஓர் ஆசிரியர் தம் பதவியை இழத்தல் கூடுமோ? 1853ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 27ஆம் நாள் இலண்டன் மாநகரில் அது நிகழ்ந்தது. கிங்ஸ் கல்லூரியில் இறையியலும், ஆங்கில இலக்கியமும், வரலாறும் கற்பித்துவந்த பேராசிரியர் பிரெடரிக் டெனிசன் மாரிஸ் அன்று அக்கல்லூரியின் ஆட்சிக் குழுவால் நீக்கப்பட்டார். அவர் கையாடல் செய்தாரல்லர், கடமை தவறினாரல்லர். விவிலியத்தில் 'நித்திய' என வரும் அடைமொழிக்குக் 'காலத்தால் முடிவில்லாத' என்பது உண்மைப் பொருளன்று என ஒரு நூலில் எழுதினார். அவ்வளவே.

தமிழ் மாணாக்கர்க்கு இப்பூசலின் கடுமை எளிதிற் புலப்படாது. அதற்குக் காரணம் 'நரகம்' என்று நாவிற் பழகிய சொல்லேயாகும். திருக்குறளில் 'அளறு' என வருவதற்கு உரையாசிரியர்கள் நரகம் என்றே பொருள் கொண்டனர். இந்திய நாட்டுச் சமயங்களிற் பெரும்பாலானவற்றில் நரகம் என்பது தீவினையின் பயனை உயிர் துய்த்துத் தீர்க்கும் இடம். எத்துணைக் கொடியதாயினும், எத்துணை நெடியதாயினும் அதற்கு ஒரு கரை உண்டு. வினை தீர்ந்தபின் மீண்டும் பிறவி உண்டு. (சில உயிர்களுக்கு மீளா நரகம் உண்டு என்ற மத்துவர் இதற்கு ஒரு விலக்கு.) விவிலியத்தைத் தமிழாக்கியோர் அப்பழஞ்சொல்லையே எடுத்தாண்டனர், 'நித்திய ஆக்கினை' என்னும் தொடரையும் உடன் வைத்தனர். ஏட்டில் இருப்பது பழகிய சொல்தான். ஆயினும், அதன் உள்ளே இருந்த மீளும் வாயில் அடைக்கப்பட்டுவிட்டது.

மூலநூலின் கிரேக்கத்தில் நரகத்தைக் குறிப்பது 'கெஹென்னா' என்னும் சொல். எருசலேமின் தெற்கே உள்ள இன்னோம் பள்ளத்தாக்கின் பெயர் அது. ஒரு காலத்தில் அங்குப் பிள்ளைகளைத் தீயிலிட்டுப் பலி கொடுத்தனர் என்று பழைய ஏற்பாடு பழிக்கிறது. 'நித்திய' என்பதற்கு மூலத்தில் உள்ள சொல் 'ஐயோனியோஸ்'. 'ஊழி' எனப் பொருள்படும் 'ஐயோன்' என்பதிலிருந்து பிறந்தது அது. ஊழிக்குரியது என்றும் உரைக்கலாம். முடிவற்றது என்றும் உரைக்கலாம். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள சிறு வெளியிலேதான் பல நூற்றாண்டுப் பூசல் நிகழ்ந்தது. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆரிஜன், இறைவனின் தண்டனை நோய் தீர்க்கும் மருந்து போன்றது, இறுதியில் யாவும் அவனிடம் மீளும் என்று கருதினார். 543ஆம் ஆண்டில் பேரரசர் ஜஸ்டினியன் அக்கொள்கையைக் கண்டித்து ஆணை பிறப்பித்தார்.

மறுதரப்பின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. மத்தேயு நூலின் 25ஆம் அதிகாரத்தில், தீயோர் அடையும் தண்டனைக்கும் நல்லோர் அடையும் வாழ்வுக்கும் ஒரே அடைமொழிதான் வருகின்றது. 5ஆம் நூற்றாண்டில் அகுஸ்தீன் இதனைச் சுட்டிக் காட்டினார். தண்டனைக்கு முடிவு உண்டெனின், அதே சொல்லால் கூறப்பட்ட பேரின்பத்துக்கும் முடிவு உண்டென்று ஆகுமன்றோ என்பது அவர் வினா. ஒரே தொடரில் ஒரே சொல்லுக்கு இரு பொருள் கொள்ளுதல் உரைநெறியாகாது என்பதைத் தமிழாசிரியர் எவரும் ஒப்புவர்.

மாரிஸ் இவ்வினாவுக்கு அஞ்சி ஒதுங்கினாரல்லர். இரண்டிடத்தும் பொருள் ஒன்றே என்றார். ஆனால் அப்பொருள் கால அளவு அன்று என்றார். இறைவனை அறிதலே நித்திய வாழ்வு என்று யோவான் நூலின் 17ஆம் அதிகாரம் வரையறுக்கின்றது. அங்ஙனமாயின், அவ்வறிவை இழந்து தன்னுள் தானே அடைபட்டுக் கிடத்தல் நித்திய சாவு. அது இறந்தபின் தொடங்குவதன்று. இன்றே, இங்கேயே ஒருவன் அதனுள் இருத்தல் கூடும். நாழிகையை அடுக்கி அடுக்கி நித்தியத்தைக் கட்ட முடியாது என்பது அவர் கருத்தின் சாரம். 1853இல் வெளிவந்த 'இறையியற் கட்டுரைகள்' என்னும் நூலின் இறுதிக் கட்டுரையில் இதனை விரித்தெழுதினார். நடை தெளிவானதன்று. அவர்மீது பற்றுக் கொண்டவர்களும் அவர் எழுத்தின் மூடுபனியைக் கண்டு அலுத்துக்கொண்டதுண்டு. எல்லாரும் இறுதியில் மீட்கப்படுவர் என்றாவது அவர் துணிந்துரைத்திருந்தால் ஒரு சாராரின் பாராட்டேனும் கிடைத்திருக்கும். அதனையும் அவர் சொல்லவில்லை. இறைவனின் அன்பை மனித மனம் எவ்வளவு காலம் எதிர்த்து நிற்கக்கூடும் என்பதைத் தீர்ப்பிடத் தமக்குத் துணிவில்லை என்று நிறுத்திக்கொண்டார்.

இத்தயக்கம் நூலறிவால் மட்டும் வந்ததன்று. மாரிஸ் 1805இல் பிறந்தார். தந்தையார், இறைவன் ஒருவனே, அவன் மூவராய் இருப்பவன் அல்லன் என்று கொண்ட யூனிட்டேரியன் சபையின் போதகர். தமக்கையர் வளர்ந்தபின் அச்சபையை விட்டு நீங்கினர்; ஒரே கூரையின் கீழ் வாழ்ந்துகொண்டே தம் முடிவைத் தந்தைக்குக் கடிதம் எழுதித் தெரிவித்தனர். பின்னர் தாயாரும் நீங்கினார். மீட்புக்குரியோரை இறைவன் முன்னரே தெரிந்தெடுத்துவிட்டான் என்னும் கால்வினியக் கோட்பாட்டை அவ்வம்மையார் ஏற்றார். ஆயின், அங்ஙனம் தெரிந்தெடுக்கப்பட்டோருள் தாம் ஒருவர் அல்லர் என்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. தம்மைப் பெற்று வளர்த்த அன்னையே தம்மை நரகத்துக்குரியவர் என்று எண்ணி வாழ்வதைக் கண்ட மகனுக்கு, அக்கோட்பாடு வெறும் ஏட்டுச் செய்தியாக இருந்திருக்க முடியாது.

கல்லூரி முதல்வர் ஜெல்ப் நூலைப் படித்துக் கலங்கினார். இருவருக்கும் இடையே நீண்ட கடிதப் போக்குவரத்து நடந்தது. முடிவில், தண்டனையைப் பற்றிய மாரிசின் கருத்துகள் ஆபத்தானவை என்றும், போதகராகப் பயிலும் மாணவரின் உள்ளத்தைக் குலைப்பன என்றும் ஆட்சிக் குழு தீர்மானித்தது. இறையியல் வல்லுநரைக் கொண்டு நூலை ஆராய்ந்தபின் முடிவு செய்யலாம் எனக் குழுவில் இருந்த கிளாட்ஸ்டன் ஒரு திருத்தம் கொணர்ந்தார். அது தோற்றது. குற்றச்சாட்டைச் சட்டத்தின்படி எடைபோட்டால் இன்னும் வியப்பாக இருக்கும். 1553இல் இங்கிலாந்துத் திருச்சபை வகுத்த 42 விதிகளில், எல்லாரும் இறுதியில் மீட்கப்படுவர் என்போரைக் கண்டிக்கும் விதி ஒன்று இருந்தது. பத்தாண்டுகளுக்குள் திருச்சபையே அதனை நீக்கிவிட்டது; பின்னர் நிலைத்த 39 விதிகளில் அது இல்லை. சபை தன் கையால் அழித்த ஒரு விதியைக் கல்லூரிக் குழு மீண்டும் எழுதிக்கொண்டது எனலாம்.

பதவி போனபின் மாரிஸ் வாளா இருந்தாரல்லர். 1854இல் இலண்டனில் தொழிலாளர் கல்லூரியை நிறுவினார். தம் மகனுக்கு ஞானத்தந்தையாக நின்ற இந்நண்பரைப் புலவர் தென்னிசன் ஒரு பாட்டெழுதித் தம் இல்லத்துக்கு அழைத்தார்.

பூசல் அவரோடு நில்லாமல் நீதிமன்றம் ஏறியது. தீயோருக்கும் இறுதியில் மன்னிப்பு உண்டெனத் தாம் நம்புவதாக எழுதிய வில்சன் என்னும் போதகர்மீது வழக்கு நடந்தது. அந்நம்பிக்கை திருச்சபை விதிகளுக்கு முரணானது அன்று என்று 1864ஆம் ஆண்டில் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. உடனே ஏறத்தாழ 11,000 போதகர்கள் கையொப்பமிட்டு, தண்டனை முடிவற்றதே என அறிக்கை விடுத்தனர். நீதிமன்றம் விடுதலை செய்தவனைக் கூட்டம் விடவில்லை. அவர்களை இரக்கமற்றோர் என்று ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. நரக அச்சம் நீங்கினால் ஒழுக்கத்தின் வேலி சாயும் என அவர்கள் மெய்யாகவே அஞ்சினர். எனினும், வேலியைக் காக்கும் பொருட்டு ஒரு கோட்பாட்டை மெய் என்று பிடித்துவைப்பது, அக்கோட்பாட்டுக்கே செய்யும் இழுக்கு என்பதை அவர்கள் எண்ணியதாகத் தெரியவில்லை.

1877இல் பாரர் என்பார் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் முடிவற்ற வதையை மறுத்துச் சொற்பொழிவாற்றினார். ஆக்ஸ்போர்டின் முதுபேரறிஞர் பூசி 1880இல் மறுப்பு நூல் எழுதினார். வியப்பு என்னவெனில், மறுக்க வந்த பூசியே, மனிதரிற் பெரும்பாலோர் நரகம் புகுவர் என்பது விசுவாசத்தின் பகுதியன்று என்று விட்டுக்கொடுத்தார்.

மாரிஸ் 1866இல் கேம்பிரிட்ஜில் பேராசிரியராகி, 1872இல் மறைந்தார். அவரை நீக்கிய கல்லூரி பிற்காலத்தில் ஒரு பேராசிரியர் பதவிக்கு அவர் பெயரையே சூட்டியது. 1995ஆம் ஆண்டில் இங்கிலாந்துத் திருச்சபையின் கோட்பாட்டுக் குழு வெளியிட்ட அறிக்கை, நரகம் என்பது முடிவற்ற வதை அன்று, இறைவனை அறவே மறுத்தோர் இல்லாமற் போதலே என்று கூறியது. தம்மைத் தெரிந்தெடுக்கப்படாதவராக எண்ணி வருந்திய அத்தாய்க்கு இவ்விடை ஆறுதல் தந்திருக்குமா என்பது வேறு கேள்வி.