தோட்டத்தில் சம்மதம் கேட்பது

திங்கள்

பேராதனை மருத்துவ பீடத்தின் நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பவேண்டிய விண்ணப்பத்தை இன்று தொடங்கினேன். புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்குப் பிரஷரும் சீனி வருத்தமும் எப்படி இருக்கின்றன, மருந்தை விடாமல் எடுக்க முடிகிறதா என்பதுதான் ஆய்வு. புது மருந்து எதுவும் கொடுக்கப் போவதில்லை. ஆனாலும் தோட்டத்துக்குள் போய் யார் மூலம் எப்படிக் கேட்கிறோம் என்பதாலேயே ஒரு பெண்ணுக்குத் தீங்கு வரலாம்.

செவ்வாய்

உள்ளே போக முகாமையாளரின், தோட்டத்துப் பேச்சில் தொரையின், அனுமதி வேண்டும். அந்த அனுமதி தனி ஆளின் சம்மதத்துக்கு ஈடாகாது என்று 2016ஆம் ஆண்டு சியோம்ஸ் (CIOMS) ஆய்வு நெறிமுறை வழிகாட்டி சொல்கிறது. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி பெயரை வாசித்தால் அது வேலைக் கட்டளைதான். வேலை, குடியிருக்கும் லயம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா எல்லாம் ஒரே நிர்வாகத்தின் கையில் இருக்கையில் மாட்டேன் என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? ஓர் அக்காவிடம் ஆய்வைப் பற்றிப் பேச்செடுத்ததும் அவர் கேட்டது, "தொரை வரச் சொன்னாரா டொக்டர்?"

கங்காணியோ வெளிக்கள உத்தியோகத்தரோ ஆள் திரட்டக் கூடாது, மறுத்தவர் பெயர் நிர்வாகத்துக்குப் போகக் கூடாது என்று எழுதினேன். சம்மதப் படிவத்தில் கைநாட்டு வைப்பவருக்குச் சாட்சியாகவும் தோட்ட உத்தியோகத்தர் வேண்டாம். கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அரசே பணம் கொடுத்த 1980களைக் கண்ட தலைமுறை இன்னும் இங்கே இருக்கிறது. பணம் காட்டிச் சம்மதம் வாங்குவதாக ஆகிவிடக் கூடாது; அதனால் செலவழித்த நேரத்துக்கு மட்டும் ஒரு சிறு தொகை.

வியாழன்

பறிக்கிற நேரத்தில் பேசக் கூப்பிட்டால் கொழுந்தின் நிறை குறையும், அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், விழும். மாலையில் லயத்துக்குப் போனால் பக்கத்துக் காம்பராவுக்கு எல்லாம் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை தோட்டப் பாடசாலையில் வைத்துக்கொள்ளலாம். அது அரசாங்கப் பாடசாலை, ஒவ்வொருவரிடமும் தனியறையில் பேசலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தகவலுக்குக் கூடுதல் காப்பு உண்டு. அதனால் பெயர் ஒரு கோப்பில், அளவுகள் இலக்கத்தோடு வேறு கோப்பில்.

சனி

பிரஷர் 180/110க்கு மேல் போனால்? அளந்து எழுதிக்கொண்டு திரும்பிவிட முடியாது. அன்றே புசல்லாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும்; முச்சக்கரவண்டிக் கூலியை வரவுசெலவில் சேர்த்தேன். அரச கிளினிக்கில் மாத்திரைக்குக் காசில்லை, ஆனால் போய்வந்தால் அன்றைய பேர் போய்விடும். மருந்து விட்டுப்போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை, கேள்வித்தாளில் இதை முதலில் வைத்திருக்கிறேன்.

ஆய்வுக்கு முன்னும் பின்னும் சமூகத்தோடு பேசவேண்டும் என்கிறது மருத்துவ ஆய்வு நெறிமுறைகளைச் சொல்லும், 2024இல் திருத்திய ஹெல்சிங்கிப் பிரகடனம். முடிவுகளை நிர்வாகத்திடம் கொடுக்குமுன் அந்தப் பெண்களுக்கே கூட்டம் போட்டுச் சொல்வதாகக் கடைசிப் பகுதியில் எழுதினேன். கிளினிக் நாளுக்குச் சம்பளம் வெட்டக் கூடாது என்று அவர்கள் கேட்க நினைத்தால், எங்கள் கணக்கு அவர்கள் கையில் இருக்கும்.