நாலு விநாடி

ஃபுட்சால் ஆடியிருக்கிறீர்களா? அணிக்கு ஐந்து பேர், 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், அதிகம் துள்ளாத சின்னப் பந்து. 1930-ல் உருகுவேயின் மாண்டெவீடியோவில் ஹுவான் கார்லோஸ் செரியானி என்ற ஆசிரியர் உருவாக்கிய ஆட்டம். சின்ன இடம்தானே, சுலபம் என்று நினைத்து நானும் இறங்கினேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்!

எங்கள் நாட்றாம்பாளையம் பக்கமெல்லாம் மேடும் பள்ளமும்தான். ஏறி இறங்கியே வளர்ந்த கால், மூச்சு வாங்காது என்று எனக்குக் கொஞ்சம் திமிர். ஓசூரில் ஒரு போட்டி. 2-2, கடைசி நிமிடம். பக்கக்கோட்டில் பந்தை வைத்து உள்ளே உதைக்க வேண்டும். ஃபுட்சாலில் அதற்கு நாலு விநாடிதான். நடுவர் விரல் விட்டு எண்ணுகிறார். இடப்பக்கம் எங்கள் ஆள் தனியாக நிற்பது தெரிகிறது, ஆனாலும் அங்கே கொடுக்கலாமா, இங்கேயா என்று நின்றுவிட்டேன். பந்து எதிரணிக்குப் போனது. அடுத்த நொடி கோல். கால் ஓய்ந்திருந்தால் சமாதானம் சொல்லலாம். ஓய்ந்தது தலையாச்சே...

நாங்கள் காலையில் ஓடுவோம். போட்டிக்கு முதல் நாள் யாராவது "தியானம் பண்ணுங்கடா" என்பார்கள். உடம்புக்கு ஒரு பேரேடு, மனசுக்கு ஒரு பேரேடு (காமர்ஸ் படிக்கிறவன் புத்தி!). ஆட்டத்தில் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் கணக்குக் கேட்கிறார்கள்.

2023 ஆகஸ்ட் 12, சென்னை எழும்பூரில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஹாக்கி இறுதி ஆட்டம். இடைவேளையில் மலேசியா 3-1. 45-வது நிமிடத்திலேயே ஹர்மன்பிரீத், குர்ஜந்த் இருவரும் அடித்தார்கள், 56-ல் ஆகாஷ்தீப். இந்தியா 4-3. அந்த அணிக்கு மனப்பயிற்சி தந்தவர் பேடி அப்டன், 2011 உலகக் கோப்பையில் தோனி அணியோடு இருந்தவர். ஜெயித்தது அவரால்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முக்கால்வாசி ஆட்டம் ஓடிக் களைத்த பிறகும் பதறாமல் ஆடினார்களே, அதுதான் எனக்கு உறைத்தது.

இப்போது நாங்கள் செய்வது இது: 20 மீட்டர் ஆறு முறை முழு வேகத்தில் ஓட வேண்டும். ஆறாவதில் திரும்பும்போது ஒருவன் ஒரு நிறத்தைக் கத்துவான். ஒரு மூச்சை நீளமாக வெளியே விட்டு, நாலு எண்ணுவதற்குள் அந்த நிற பனியன்காரனுக்குப் பந்து போய்ச் சேர வேண்டும். முதல் வாரம் ஒரே கூத்து. சிவப்பு என்றால் நீலத்துக்குப் போகும், இல்லையென்றால் வேலிக்கு.

போன ஞாயிறு எனக்குப் பத்தில் ஏழு சரி. தப்பிய மூன்றும் இடப்பக்கம்!