எறும்புக்குத் தெரிந்தது



போன வாரம் எனக்குக் காய்ச்சல். லீவு போடாமல் இரண்டு பனடோல் குடித்துவிட்டுப் பாடசாலைக்குப் போனேன். இந்த வாரம் என் வகுப்பில் ஒன்பது பிள்ளைகள் வரவில்லை. வீட்டில் உம்மாவுக்கும் இருமல். எல்லாம் என்னால்தான் என்று சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது.

சுவிட்சர்லாந்தின் லொசான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. கறுப்புத் தோட்ட எறும்புகளின் முதுகில் சின்னக் குறியீடுகளை ஒட்டி, கமராவால் கண்காணித்தார்கள். இரை தேடும் எறும்புகள் சிலவற்றில் மெட்டாரைசியம் என்ற பங்கசின் வித்திகளைப் பூசினார்கள். அவை நோயில் விழுவதற்கு முன்பே, ஒரு நாளுக்குள், கூட்டுக்கு வெளியே கூடுதல் நேரம் தங்கத் தொடங்கின. சுகமாயிருந்த எறும்புகளும் நெருங்கிப் பழகுவதைக் குறைத்தன. குஞ்சுகளைப் பார்க்கும் எறும்புகள் அவற்றை இன்னும் உள்ளே நகர்த்தின. ராணிக்குக் கடும் தொற்று போய்ச் சேரும் வாய்ப்பு குறைந்தது.

சூரா அந்நம்லில் ஓர் எறும்பு தன் கூட்டத்தை எச்சரித்ததைச் சின்ன வயதிலிருந்தே ஓதுகிறோம். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகவும் வேண்டாம், அங்கிருந்து வெளியேறவும் வேண்டாம் என்ற நபிமொழியும் தெரியும். தெரிந்துகொண்டுதான் நான் போனேன்.

பெற்றோரே, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வரவு குறைகிறதே என்று பார்க்காதீர்கள். வீட்டில் வைத்திருங்கள். அடுத்த முறை சேரும் வீட்டில்தான் இருப்பார், இன்ஷா அல்லாஹ்.