பாலைவனத்துக்கு ஸ்வெட்டரா?

நம் வேங்கிக்கால் நடைப்பயிற்சிக் கூட்டத்தில் இரண்டு தம்பதியர் வரும் ஜூனில் லடாக் போகிறார்கள். நால்வரும் அறுபதைத் தாண்டியவர்கள், ஒருவருக்கு பிரஷர். என்ன எடுத்துப் போகலாம் என்று கேட்டு, பயணத் திட்டத்தையும் காட்டினார்கள். முதல் நாள் லேயில் இறங்குவது, மறுநாள் காலையே கர்துங் லா கணவாய். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் அண்ணாமலை 814 மீட்டர். நம் மலையை நான்கு முறை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் லேயின் கடைத்தெருவை எட்டாது. மூச்சில் கிடைக்கும் பிராணவாயு இங்கே கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். கர்துங் லா 5,300 மீட்டருக்கும் மேலே. விமானத்தில் போய் இறங்குகிறவர்கள் முதல் இரண்டு நாளாவது லேயிலேயே சும்மா இருக்க வேண்டும். வயதானவர்களுக்கு மூன்று நாள் என்றே நான் சொல்வேன். பணம் கட்டிவிட்டோமே என்று பார்க்காதீர்கள். டயமாக்ஸ் மாத்திரையை யாரோ சொன்னார்கள் என்று வாங்கிப் போடவும் வேண்டாம். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் தங்கள் டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும்.

இனி வானிலை. பாலைவனம் என்றால் நமக்கு ராஜஸ்தான்தான் நினைவுக்கு வரும். இது குளிர்ப் பாலைவனம். லேயில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை 100 மி.மீ. அளவுதான், நம் ஊரில் ஒரு நல்ல ஐப்பசி அடைமழை இரண்டு நாளில் கொட்டிவிடும். காற்று மெலிந்தும் வறண்டும் இருப்பதால் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. வெயிலில் நின்றால் கன்னம் எரியும், பாறை நிழலுக்குள் இரண்டடி வைத்தால் உடம்பு நடுங்கும்.

2018 ஜூனில் நானும் என் துணைவியாரும் ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குப் போனோம். 1981இல் அமைந்தது, பனிச்சிறுத்தைக்குப் பெயர் பெற்றது. (சிறுத்தை எங்களுக்குத் தரிசனம் தரவில்லை. நீல ஆடுகள் தந்தன.) லேயில் மூன்று நாள் கழித்துவிட்டு, ஜிங்சென்னிலிருந்து ரும்பாக் கிராமத்துக்கு ஓடைக் கரையோடு நடந்தோம். மாலைக்குள் திரும்பிவிடுவதாகத் திட்டம். காலையில் ஸ்வெட்டர், பத்து மணிக்கு அதைக் கழற்றி இடுப்பில் கட்டும் அளவுக்கு வெயில். ஒரு மணிக்கு எங்கிருந்தோ மேகம் வந்தது. சுழன்றடிக்கும் காற்று, பிறகு ஜவ்வரிசி மாதிரி ஆலங்கட்டி. "ஏங்க, விரலே தெரியலீங்க" என்றார் துணைவியார். கையுறை பையில் இருந்தது. மழைக்கோட்டும் இருந்தது. வழிகாட்டிப் பையன், "இன்றைக்குத் திரும்ப வேண்டாம் அங்கிள்ஜி" என்றான். பகல் வெயிலில் மேலே பனி உருகி, பிற்பகலில்தான் ஓடை பெருகுமாம். காலையில் முழங்கால் அளவு இருந்த இடத்தை மாலையில் கடக்கக் கூடாதாம். அன்றிரவு ரும்பாக்கில் ஒரு வீட்டில் தங்கினோம். இரண்டு நாள் மாத்திரை கைப்பையிலேயே இருந்ததால் கவலையில்லை. உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீர் எனக்குப் பிடித்தது. அவர் ஒரு மடக்கோடு நிறுத்திக்கொண்டார்.

மழையே பெய்யாத ஊர்தானே என்று மழைக்கோட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். 2010 ஆகஸ்ட் 5 நள்ளிரவை ஒட்டி லேயில் மேகவெடிப்பு ஏற்பட்டு, மலைச் சேறு இறங்கி, 200க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். புல் பூண்டு இல்லாத மலையில் தண்ணீரைத் தாங்க ஒன்றுமில்லை. 2024 டிசம்பர் 1 அன்று நம் மலையிலேயே மண்ணும் பாறையும் சரிந்து ஏழு உயிர் போனதைப் பார்த்தவர்கள் நாம். அங்கே ஓடைப் படுகையில் கூடாரம் போட்டுத் தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

ஒரே ஒரு கனத்த கம்பளிக்கோட்டை வாங்காதீர்கள். போடவும் கழற்றவும் வசதியாக மூன்று மெல்லிய உடுப்புகள் நல்லது. உள்ளே தெர்மல், நடுவே ஸ்வெட்டர், மேலே காற்றும் நீரும் புகாத கோட்டு. பருத்தி பனியன் ஏற்றத்தில் வியர்வையைக் குடித்துக்கொண்டு, காற்றடிக்கும்போது ஈரத்துணி சுற்றியது போலாகிவிடும். மங்கி குல்லா, கருப்புக் கண்ணாடி, இரண்டு ஜோடி உல்லன் சாக்ஸ் அவசியம். தேங்காய் எண்ணெய் நம் மார்கழியிலேயே உறைகிறது, அங்கே கேட்கவே வேண்டாம்; உதட்டுக்கு வாசலின் எடுத்துக்கொள்ளுங்கள். தாகம் தெரியாது, ஆனாலும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொன்று. பிற்பகலில் காற்று மோசமாகிவிடுவதால் லே விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே பறக்கின்றன. வானிலை கெட்டால் ரத்தாகும். அன்று மாலையே டெல்லியிலிருந்து சென்னைக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள். ஒரு நாள் இடைவெளி விடுங்கள். விமானம் சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டால், கரோல் பாக்கில் இட்லி சாம்பார் கிடைக்கும்.