அறுநூறாவது மாடி

ரிக் ரியோர்டனின் ‘தி லைட்னிங் தீஃப்’ நாவலை நான் படித்தேன், தம்பி கேட்டான். எட்டாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை அது. இரவில் கரண்ட் போனதும் பாயைச் சுருட்டிக்கொண்டு இருவரும் மொட்டை மாடிக்குப் போய்விடுவோம். பகலில் படித்ததையெல்லாம் அங்கே அவனுக்குத் தமிழில் சொல்ல வேண்டும்.

தம்பிக்கு எழுத்துகள் நிலையாக நிற்காது. பக்கத்தில் எந்த வரியில் இருக்கிறோம் என்பதே தப்பிப்போகும். டிஸ்லெக்ஸியா பற்றி எங்கள் வீட்டில் யாருக்கும் அப்போது தெரியாது. பள்ளியில் அவனைச் சோம்பேறி என்றார்கள். பெர்சி ஜாக்சன் என்ற பன்னிரண்டு வயதுப் பையனுக்கும் எழுத்துகள் தாளை விட்டு மிதந்து எழும் என்று நான் சொன்னதும், படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான். அதற்கு நாவல் சொல்லும் காரணம் இன்றும் எனக்குச் சிலிர்ப்பூட்டுவது. பெர்சியின் தந்தை கடல் கடவுள் பொசைடன். அவன் மூளை பழைய கிரேக்கத்தைப் படிக்கவென்றே அமைந்தது. வகுப்பில் ஓரிடத்தில் உட்காரவிடாத துறுதுறுப்புதான் சண்டையில் அவன் உயிரைக் காக்கிறது. “அப்ப நானும் அப்படித்தானாக்கா?” என்றான். ஆமாம் என்றேன்.

ரியோர்டன் டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரத்துக்காரர், பள்ளி ஆசிரியராக இருந்தவர். படிக்கச் சிரமப்பட்ட தன் மகனுக்குத் தூங்கப்போகும் நேரத்தில் கிரேக்கப் புராணக் கதைகள் சொல்லி, அவை தீர்ந்துபோனதும் பெர்சியைப் படைத்தார். அதுவே 2005இல் நாவலாக வந்தது. இதெல்லாம் நான் பிற்பாடு அறிந்தது. வாயால் சொல்லப்பட்டே பிறந்த கதை என்பதால்தான் எங்கள் மாடியிலும் அது அத்தனை இயல்பாக ஓடியது என்று நினைக்கிறேன்.

நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு 102 மாடிகள். நாவலில் அதன் லிஃப்ட் 600ஆவது மாடிக்குப் போகும். அங்கே இருக்கிறது கிரேக்கக் கடவுள்கள் வாழும் ஒலிம்பஸ். தன் முகத்தைப் பார்த்தவரைக் கல்லாக்கிவிடும் மெதூசா நியூ ஜெர்சியில் சாலையோரம் தோட்டச் சிலைகள் விற்கிறாள். முகத்தை மூடிக்கொண்டு, பசியோடு வரும் பிள்ளைகளுக்கு பர்கர் தருகிறாள். சிலைகளின் முகத்தில் ஏன் இத்தனை பயம் என்ற இடத்தை நான் இழுத்து இழுத்துச் சொல்வேன். அவள் தலையை வெட்டி, பெட்டியில் அடைத்து, பெர்சி ஒலிம்பஸுக்கே பார்சல் அனுப்பும்போது தம்பி கைதட்டுவான்.

ஆனால் அவன் திரும்பத் திரும்பக் கேட்டது வேறொன்றைப் பற்றி. கடவுள்களுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கென்று நாவலில் ஒரு முகாம் உண்டு. எந்தக் கடவுளும் ‘என் பிள்ளை’ என்று ஏற்காத பிள்ளைகள் அங்கே ஹெர்மிஸ் என்ற கடவுளின் பதினோராம் குடிலில் நெருக்கியடித்துக் கிடப்பார்கள். பெர்சிக்கும் முதலில் அந்தக் குடிலின் தரையில்தான் இடம். “அவங்க அப்பாங்க எப்ப வருவாங்க?” என்பான். ரியோர்டனின் கடவுள்கள் இடியையும் கடலையும் ஆள்வார்கள். பெற்ற பிள்ளையின் முகம் பார்க்க மட்டும் வர மாட்டார்கள். அதைப் பூசி மெழுகாமல் எழுதியதுதான் இந்த நாவலின் உயிர். வாள்சண்டைகளை நான் பாதி மறந்துவிட்டேன்.

பிறகு லாஸ் வேகாஸின் லோட்டஸ் ஹோட்டல். ஹோமரின் ‘ஒடிசி’யில் தின்றவர்களுக்கு வீட்டு நினைப்பையே அழிக்கும் கனி ஒன்று வரும். இங்கே அந்த வேலையை வீடியோ கேம்கள் செய்கின்றன. பெர்சி பேச்சுக் கொடுக்கும் ஒரு பையன் இது 1977 என்கிறான். சற்று நேரம் விளையாடிவிட்டு வெளியே வந்தால் ஐந்து நாட்கள் ஓடியிருக்கும்.

“அந்தப் பையனோட அம்மா இன்னும் தேடிட்டிருப்பாங்களாக்கா?”

புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. மறுநாள் எதிர்வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துத் தம்பியே கதை சொன்னான். அவன் கதையில் பெர்சி அந்தப் பையனையும் கையைப் பிடித்து இழுத்து வந்து, ரயிலேற்றி வீட்டுக்கு அனுப்பினான்.

மூன்றாம் பாகமான ‘தி டைட்டன்ஸ் கர்ஸ்’ எங்கள் கைக்கு வர வெகுநாளாயிற்று. அதில் பியான்கா, நிகோ என்று ஓர் அக்காவும் தம்பியும். அதே ஹோட்டலில் பல பத்தாண்டுகள் கிடந்து வெளியே வந்தவர்கள். படித்த கையோடு ஓடிப்போய் அவனிடம் சொன்னேன்.

“நான்தான் அப்பவே சொன்னேன்ல” என்றான்.