தீவகத்தாரின் கைமுதல்

தீவகத்தில் என்ன தொழில் தொடங்கலாம் என்று கேட்கும் இளைஞர்களுக்கு, பத்திரிகைத் தொழிலில் தலை நரைத்த நான் புங்குடுதீவுக் கடைக்காரரையே முதலில் நினைவூட்டுவேன். உவர்நீரும் வானம் பார்த்த வயலுமான மண்ணிலிருந்து கொழும்புக்கும் தென்னிலங்கை ஊர்களுக்கும் போய்ப் பலசரக்குக் கடையும் சைவ உணவுக்கடையும் வைத்தவர்கள் அவர்கள். மாமன் கடையில் பையனாகச் சேர்ந்து, மூட்டை சுமந்து, கணக்கெழுதப் பழகிப் பங்காளியாகி, பின்பு தனிக்கடை போட்டார்கள். முதலாளியே அடுத்த முதலாளியை உருவாக்கினார். (சம்பளம் குறைவு, வேலைநேரம் கூடுதல் என்பதையும் மறைப்பதற்கில்லை.)

1958, 1977, 1983 கலவரங்களில் தமிழர் கடைகள் எரிந்தன. 1983க்குப் பின் பலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் மீண்டும் கடை திறந்தார்கள்.

இன்று ஊரில் உதவி நிறுவனங்கள் தையல் இயந்திரமும் கோழிக்குஞ்சும் கொடுக்கின்றன. நல்லதுதான்; விற்கப் பழக்கத்தான் ஆளில்லை. குறிகட்டுவானில் படகேறி நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் நாகவிகாரைக்கும் போகும் கூட்டம் பெரிது. திரும்பும்போது அவர்கள் பைகளில் நம் பனங்கட்டியும் ஒடியலும் இருக்கவேண்டாமா? வெளிநாட்டு மாமன்மார் திருவிழாவுக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பங்கையும், கூடவே கடை நடத்தும் பழக்கத்தையும் மருமக்களுக்குத் தரலாம். என் வாசகருள் அத்தகைய மாமன்மார் சிலர் உண்டென்பதை நான் அறிவேன்.