டோல்கேட் மாடியில் ஒரு பப்பாளி

பெயரிலேயே சுங்கம் இருக்கிற ஊர் எங்களுடையது. அந்தக் காலத்து வசூல் என்றோ நின்றுபோச்சு. இப்போது வசூலிப்பவை எலிகள். பத்து கத்தரிக்காய் காய்த்தால் மூன்று அவற்றின் கணக்கு!

2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் விட்டார்கள். டோல்கேட் ஸ்டேஷன் மேம்பாலத்தில் இருப்பதால், பிளாட்பாரத்தில் நின்றால் எங்கள் பேட்டையின் மொட்டை மாடிகள் தெரியும். துணிக்கொடி, சின்டெக்ஸ் டேங்க், அங்கங்கே ஒரு முருங்கை. நடுவில் பாதியாக அறுத்த நீல டிரம்மில் ஒரு பப்பாளி நின்றால், அது எங்கள் அம்மாவுடையது.

அப்பா போன பிறகு அம்மா படியேறுவது அந்தத் தோட்டத்துக்காக மட்டும்தான். இது ஹவுஸ் ஓனருக்குப் புரியுமா? "தம்பி, மாடில எலி ஏறிச்சின்னா ஒரு பை இருக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார். வாடகை வீட்டில் விவசாயம் என்றால் சும்மாவா!

இங்கே செடி வளர்ப்பதே ஒரு தினுசு. கிழக்கே கடல், உப்புக் காற்று. மேற்கே கன்டெய்னர் லாரி, கரித்தூள். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் இலைகளைக் கழுவாவிட்டால் ஓரம் கருகிவிடும். மாடி தாங்க வேண்டுமே என்று மண்ணைக் குறைத்து, தேங்காய் நார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்திருக்கிறோம்.

உரத்துக்குக் கவலையில்லை, காசிமேடு பக்கம்தானே. மீன் கழிவும் வெல்லமும் சம எடை, மூடி போட்டு மூன்று வாரம். பிறகு வடிகட்டி லிட்டருக்கு ஐந்து மில்லி கலந்து தெளித்தால் கீரை சும்மா தளதளவென்று வரும். தெருப் பூனைகளும் வரும்!

போன வருஷம் பப்பாளி இலைக்கு அடியில் வெள்ளையாக மாவு அப்பியது. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. 2008-ல் கோவையில் கண்டுபிடித்தார்கள். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தமிழ்நாட்டையே ஒரு கை பார்த்தது. கடைசியில் 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொசுவைவிடச் சின்னதாக ஒரு குளவியை வரவழைத்து விட்டார்கள். அது மாவுப் பூச்சிக்குள்ளேயே முட்டையிட்டுக் கதையை முடித்தது. மருந்து கம்பெனிகளால் ஆகாதது!

அதனால் கண்டதைத் தெளிக்காதீர்கள், குளவியும் செத்துப்போகும். லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்கால வேளை, அவ்வளவுதான். மாவுக் கூட்டத்தில் கொஞ்சம் பெரிசாக, வேகமாக ஓடுகிற வெள்ளைப் பஞ்சு ஒன்று தெரிந்தால் நசுக்கிவிடாதீர்கள் சார். அது பூச்சியைத் தின்ன வந்த பொறிவண்டின் குஞ்சு. எறும்பை மட்டும் விடாதீர்கள். மாவுப் பூச்சி விடுகிற இனிப்புத் தண்ணீருக்காக அதை மாடு மாதிரி காவல் காத்து வளர்ப்பதே எறும்புதான்.

எலிக்கு வருவோம். பக்கத்து வீட்டு அண்ணன் பேஸ்ட் வைக்கச் சொன்னார். மஞ்சள் பாஸ்பரஸ் சமாசாரம். மனுஷன் வயிற்றில் போனால் முறிக்க மருந்தே கிடையாது. கீழ் வீட்டில் இரண்டு வயசுக் குழந்தை. அம்மா ஒரே வார்த்தையில் "வேணாம்" என்றுவிட்டார். நான் பைப்பைச் சுற்றித் தகரம் கட்டினேன்; மழைநீர்க் குழாய் வாயில் கம்பி வலை போட்டேன். கருவாடு வைத்த கூண்டில் முதல் வாரமே இரண்டு பெருச்சாளி! பழத்தில் மஞ்சள் கோடு விழுந்ததுமே பறித்து அரிசி டிரம்மில் பழுக்க வைக்கிறோம். எலி மாடி ஏறினாலும் அங்கே அதற்கு விருந்தில்லை.

முதல் பழத்தில் பாதி ஹவுஸ் ஓனர் வீட்டுக்குப் போனது. மறுநாள் மனுஷன் மாடிக்கு வந்து, "இன்னா தம்பி, அந்த டிரம் எங்க வாங்கினீங்க?" என்றார்.

இப்போது தொல்லை காக்காய். பழைய சி.டி.களைக் கட்டித் தொங்கவிட்டேன். ஒரு வாரம் பயந்தது. எட்டாம் நாள் போய்ப் பார்த்தால், கயிற்றில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துச் சாய்த்து முகம் பார்த்துக்கொண்டிருக்கிறது!